ஜான் லூயிஸ் பெயரில் எல்லாம் இருக்கிறது, சட்டம் மட்டும் இல்லை

அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு ஜான் லூயிஸ் என்று பெயர். 2023-இல் அவர் படம் போட்ட தபால்தலை வந்தது. அட்லாண்டாவில் அவர் பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது. வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போரில் அடிமை முறையின் பக்கம் நின்று போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் பெயரைத் தாங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடம் இப்போது லூயிஸ் பெயரில் நடக்கிறது. டிகேட்டர் என்ற ஊரில் நீதிமன்றத்துக்கு முன்னால் அந்தப் பழைய தென்மாநிலப் படைக்கு ஒரு நினைவுத்தூண் நின்றது. அதை 2020-இல் பெயர்த்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் 2024-இல் லூயிஸுக்கு 12 அடி வெண்கலச் சிலை வைத்தார்கள். எல்லாம் நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் பெயர் வைத்த ஒரு சட்ட மசோதாவும் இருக்கிறது, அது மட்டும் ஆண்டுக்கணக்கில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே கிடக்கிறது. எதற்காக அவர் மண்டை உடைபட்டதோ, அதே விஷயத்தைப் பற்றிய மசோதா அது.

ஒரு தலைவருக்கு மரியாதை செய்வது என்றால் என்ன, அவர் விட்ட வேலையைத் தொடர்வது என்றால் என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மசோதாவின் நடுவே இருப்பது ஒரே ஒரு ஏற்பாடு: தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பது. சுருக்கமாக ‘முன் அனுமதி’ என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க அரசியல் பரிச்சயமில்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி, அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஜான் லூயிஸ் 1940-இல் அலபாமா மாநிலத்தில் ட்ராய் என்ற ஊருக்குப் பக்கத்தில், குத்தகைக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டுக் கோழிகளைக் கூட்டி வைத்துப் பிரசங்கம் செய்வாராம், பெரியவரான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இறையியல் படிக்க நாஷ்வில் நகரத்துக்குப் போனவர் அங்கே ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சி வகுப்புகளில் சேர்ந்தார். இந்த லாசன் நாக்பூரில் தங்கி காந்தியின் போராட்ட முறையைப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். அடித்தால் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை அவர் பேச்சாகச் சொல்லாமல் ஒத்திகையாகவே நடத்தினார், சிலர் திட்டுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள், மற்றவர்கள் அசையாமல் இருந்து பழக வேண்டும். அப்புறம் 1960-இல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த உணவக இருக்கைகளில் போய் உட்கார்ந்த போராட்டம். 1961-இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே பேருந்தில் தென்மாநிலங்களுக்குப் போன முதல் 13 பேரில் லூயிஸ் ஒருவர், வழியில் அடிபட்டார். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றிய வாஷிங்டன் பேரணியில் பேசியவர்களிலேயே வயது குறைந்தவர், அப்போது அவருக்கு 23. பின்னாளில் 1987 முதல் 2020-இல் புற்றுநோயால் இறக்கும் வரை அட்லாண்டாவின் நாடாளுமன்ற உறுப்பினர்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

அங்கே தேர்தலை யார் நடத்துகிறார்கள்?

நம்மைப் போல நாடு முழுக்க ஒரே தேர்தல் ஆணையம் அங்கே கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் தேர்தல் விதியைத் தானே எழுதிக்கொள்ளும். அதற்குக் கீழே கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி, 3,000-க்கும் மேல் இருக்கின்றன. வாக்குச்சாவடி எங்கே, எத்தனை, எந்த அடையாள அட்டை செல்லும், தபால் ஓட்டு எப்படி, பட்டியலிலிருந்து யாரை நீக்குவது என்பதையெல்லாம் மாநிலமும் கவுண்டியும்தான் முடிவு செய்கின்றன. தொகுதி எல்லையைக்கூட பெரும்பாலான மாநிலங்களில் ஆளும் கட்சி உட்கார்ந்திருக்கும் சட்டமன்றமே வரைகிறது. போட்டியிடுகிறவர்களே கோட்டையும் போட்டுக்கொள்கிறார்கள் என்றால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள், ஆனால் அங்கே அப்படித்தான்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பது உடனே தெரியும். 1870-லேயே அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம், நிறத்தைக் காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதனால் தென்மாநிலங்கள் ‘கறுப்பர் வாக்களிக்கக் கூடாது’ என்று எங்கேயும் எழுதவில்லை, எழுதாமலே அதைச் செய்து முடித்தார்கள். வாக்களிக்க வரி கட்டு என்றார்கள். எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள், அரசியல் சட்டத்தின் ஏதோ ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள், விளக்கம் சரியா தப்பா என்று தீர்மானிப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார குமாஸ்தா. சோப்புக்கட்டியில் எத்தனை குமிழி வரும், ஜாடிக்குள் எத்தனை மிட்டாய் இருக்கிறது என்றெல்லாம்கூடக் கேட்டார்கள் என்று லூயிஸ் மேடைதோறும் சொல்வார்.

அலபாமாவில் செல்மா என்ற ஊர் இருக்கும் டாலஸ் கவுண்டியில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறந்திருக்கும். வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும், நின்றதைப் பார்த்த முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிடலாம். அந்தக் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் சுமார் 15,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள், 1965 தொடக்கத்தில் பட்டியலில் இருந்தது முன்னூற்றுச் சொச்சம் பேர்.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். போனார்கள். முன் அனுமதி ஏன் வந்தது என்பதற்கான பதிலே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். 1957-லிருந்து வந்த சட்டங்களின்படி நீதித்துறை அமைச்சகம் ஒவ்வொரு கவுண்டியாக வழக்குப் போடலாம். ஒரு வழக்குக்கு ஆதாரம் திரட்டப் பதிவேடுகளைப் புரட்டுவதற்கே சில சமயம் 6,000 மணி நேர உழைப்பு பிடித்தது என்று பின்னால் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஜெயித்தால்? நீதிமன்றம் ஒரு தேர்வைத் தடை செய்யும், அந்த ஊர் அடுத்த நாள் வேறொரு தேர்வைக் கொண்டுவரும், மறுபடி முதலிலிருந்து வழக்கு. டாலஸ் கவுண்டி மீது 1961-லேயே வழக்குப் போட்டாகிவிட்டது. நான்கு ஆண்டு கழித்தும் பட்டியலில் முன்னூற்றுச் சொச்சம்தான்.

பாலம்

1965 பிப்ரவரியில், செல்மாவுக்குப் பக்கத்து ஊரான மேரியனில் ஒரு ஊர்வலத்தின்போது ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார், சில நாளில் அவர் இறந்துபோனார். அந்தக் கோபத்தில்தான் செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடந்தே போவது என்று முடிவானது, தூரம் 54 மைல்.

மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 600 பேர். முன்வரிசையில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த ஹோசியா வில்லியம்ஸும் 25 வயது லூயிஸும். எப்படியும் கைதாவோம் என்று நினைத்து லூயிஸ் முதுகுப்பையில் இரண்டு புத்தகம், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல் துலக்கும் பிரஷ், பற்பசை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஊரைத் தாண்ட ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். எட்மண்ட் பெட்டஸ் பாலம், அதுவும் அடிமை முறைக்காகப் போரிட்ட ஒரு தளபதியின் பெயர்தான். நடுப்பாலம் கொஞ்சம் மேடு, அங்கே ஏறிய பிறகுதான் அந்தப் பக்கம் நிற்கும் காவலர் கூட்டமே தெரிந்தது. கலைந்து போக இரண்டு நிமிடம் என்றார்கள், அந்த இரண்டு நிமிடத்தையும் முழுசாகக் கொடுக்கவில்லை. கண்ணீர்ப்புகை, குதிரைகள், தடிகள். லூயிஸுக்கு மண்டை ஓட்டில் விரிசல். முதுகுப்பை என்ன ஆனது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை என்பார்.

அன்றிரவே தொலைக்காட்சியில் நாடு முழுவதும் இதைப் பார்த்தது. எட்டாம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசினார், ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், கையெழுத்துக்குப் பயன்பட்ட பேனாக்களில் ஒன்று லூயிஸிடம் வந்தது. ஐந்தே மாதம். அந்த நாடாளுமன்றம் அவ்வளவு வேகமாக ஓடி நான் அதிகம் படித்ததில்லை.

முன் அனுமதி எப்படி வேலை செய்தது

சட்டத்தின் 2-ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் பொதுவானது, நிறத்தின் பேரில் வாக்குரிமையைக் குறைக்கிற எந்த விதியும் செல்லாது என்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த வழக்குப் போட வேண்டும், அதாவது பழைய கதைதான். புதுமை 4-ஆம் பிரிவிலும் 5-ஆம் பிரிவிலும் இருந்தது.

4-ஆம் பிரிவு ஒரு கணக்கு வைத்தது. 1964 நவம்பரில் உங்கள் மாநிலத்தில் எழுத்தறிவுத் தேர்வு மாதிரியான வடிகட்டி இருந்ததா? அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் வயது வந்தவர்களில் பாதிப் பேர்கூடப் பதிவு செய்யவில்லையா, அல்லது பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லையா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் நீங்கள் கண்காணிப்புப் பட்டியலில் வந்துவிடுவீர்கள். அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா, வர்ஜீனியா ஆகியவை முழுசாகவும், வட கரோலினாவின் பல கவுண்டிகளும் இதில் மாட்டின. 1975-இல் சிறுபான்மை மொழி பேசுகிறவர்களையும் சட்டத்துக்குள் சேர்த்தபோது டெக்சாஸும் அரிசோனாவும் வந்தன. (அந்த 1975 திருத்தத்தின் இன்னொரு பகுதியால்தான் நியூயார்க்கின் குவீன்ஸில் இன்று வங்காள மொழியில் வாக்குச்சீட்டு கிடைக்கிறது. தமிழுக்கு இன்னும் அந்த இடம் வரவில்லை, ஓர் இடத்தில் போதுமான எண்ணிக்கையில் ஆள் இருக்க வேண்டும்.)

5-ஆம் பிரிவு சொன்னது இதுதான்: பட்டியலில் இருப்பவர்கள் தேர்தல் சம்பந்தமாக எதை மாற்றினாலும், ஒரே ஒரு வாக்குச்சாவடியைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினாலும்கூட, முதலில் வாஷிங்டனில் நீதித்துறை அமைச்சகத்திடமோ அங்கே இருக்கும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்விடமோ காட்டி அனுமதி வாங்க வேண்டும். அமைச்சகத்துக்கு 60 நாள் அவகாசம். இந்த மாற்றத்தால் கறுப்பின வாக்காளர்களின் நிலை முன்பைவிட மோசமாகாது என்று நிரூபிக்க வேண்டியது மாற்றம் கொண்டுவருகிறவரின் பொறுப்பு.

பார்க்கச் சின்ன நடைமுறை மாதிரி இருக்கும், ஆனால் மொத்த விளையாட்டையும் திருப்பிப்போட்டது இதுதான். முன்பு பாதிக்கப்பட்டவர் வக்கீல் தேடி, பணம் தேடி, வருஷக்கணக்கில் அலைய வேண்டும், அதுவரை அந்த விதிப்படியே தேர்தல்கள் நடந்து முடிந்துவிடும், தோற்றவரைத் திரும்பி அழைத்துப் பதவியில் உட்கார வைக்க எந்தத் தீர்ப்பாலும் முடியாது. இந்த ஏற்பாடு வந்த பிறகு காத்திருக்க வேண்டியது மாற்றம் கொண்டுவருகிற அரசாங்கம். மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் 7 சதவீதத்துக்கும் குறைவான கறுப்பின மக்களே பட்டியலில் இருந்தார்கள், 1967-க்குள் அது 60 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

இதை விளக்க எனக்குப் பிடித்த கதை கில்மைக்கேல் என்ற ஊருடையது. மிசிசிப்பியில் ஒரு துக்கடா ஊர், மக்கள்தொகை ஆயிரத்துக்கும் கீழே. மேயரும் வெள்ளையர், ஊர்க் கவுன்சிலில் ஐந்து பேரும் வெள்ளையர். 2000 மக்கள்தொகைக் கணக்கு வந்தபோது ஊரில் கறுப்பின மக்கள் பெரும்பான்மை ஆகிவிட்டது தெரிந்தது. 2001 தேர்தலில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் கறுப்பின வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கவுன்சில் கூடித் தேர்தலையே ரத்து செய்துவிட்டது! 1965 இல்லை, 2001. பட்டியலில் இருக்கும் மாநிலம் என்பதால் இந்த ரத்துக்கும் முன் அனுமதி தேவைப்பட்டது, நீதித்துறை அமைச்சகம் முடியாது என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2003-இல் தேர்தல் நடந்தது, அந்த ஊரின் முதல் கறுப்பின மேயரும் மூன்று கறுப்பினக் கவுன்சிலர்களும் ஜெயித்தார்கள். முன் அனுமதி இல்லாத ஊரில் இதே வழக்கு எத்தனை வருஷம் இழுத்திருக்கும், அதற்குப் பணம் யார் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1982-க்கும் 2006-க்கும் இடையில் மட்டும் இப்படி 700-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் தடுக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டுக்குக் காலக்கெடு இருந்தது, அதனால் நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டிக்க வேண்டும். நீட்டித்தார்கள், கடைசியாக 2006-இல் 25 ஆண்டுகளுக்கு. நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 98-க்கு 0. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ். அப்போது இது கட்சிச் சண்டையாகவே இல்லை.

2013: கணக்கு செல்லாது

முன் அனுமதி விதியை எதிர்த்து அலபாமாவின் ஷெல்பி கவுண்டி வழக்குப் போட்டது. இதிலும் ஒரு வேடிக்கை: அந்தக் கவுண்டிக்குள் இருக்கும் கலேரா என்ற ஊர் சில ஆண்டு முன்புதான், கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரே வார்டை இல்லாமல் செய்து, அனுமதி வாங்காமலே 2008-இல் தேர்தலும் நடத்தி, இருந்த ஒரே கறுப்பினக் கவுன்சிலர் தோற்றுப்போய், பிறகு அமைச்சகம் தலையிட்டு மறுதேர்தல் நடத்தவைத்ததில் அவர் மறுபடி ஜெயித்தார்.

2013 ஜூன் 25-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஷெல்பி கவுண்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் வாதத்தை நியாயமாகச் சொல்வதென்றால்: நாற்பது ஆண்டுக்கு முந்தைய புள்ளிவிவரத்தை வைத்து இன்றைக்கும் சில மாநிலங்களை மட்டும் கைகட்டி நிற்கவைப்பது சரியில்லை, பல இடங்களில் கறுப்பின வாக்காளர் பதிவு வெள்ளையருக்குச் சமமாக வந்துவிட்டது, வேண்டுமானால் நாடாளுமன்றம் புதுக் கணக்கு எழுதிக்கொள்ளட்டும். கணக்கு பழசு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 2006-இல் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான பக்க ஆதாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டித்தது. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போல இருக்கிறது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார், அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் 5-ஆம் பிரிவைத் தொடவில்லை. 4-ஆம் பிரிவின் கணக்கை மட்டும்தான் ரத்து செய்தது. முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, யார் வாங்க வேண்டும் என்ற பட்டியல்தான் காலி.

சில மணி நேரத்திலேயே டெக்சாஸ் தன் அடையாள அட்டைச் சட்டம் இனி அமலுக்கு வரும் என்று அறிவித்தது. அந்தச் சட்டப்படி துப்பாக்கி உரிம அட்டை செல்லும், கல்லூரி மாணவர் அட்டை செல்லாது. வட கரோலினா அதே கோடையில் ஒரு பெரிய சட்டம் நிறைவேற்றியது: முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் ஒரு வாரம் குறைப்பு, வாக்களிக்கும் நாளிலேயே பதிவு செய்யும் வசதி ரத்து, கடுமையான அடையாள அட்டை விதி. எந்த வசதியை எந்த இனத்தவர் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு எழுதிய சட்டம் அது; அறுவைச் சிகிச்சைத் துல்லியத்தோடு கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் 2014 தேர்தல் அந்தச் சட்டத்தின் பல பகுதிகளோடு நடந்து முடிந்திருந்தது.

அலபாமாவிலும் இதே கதை. மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர், ஆனால் ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் அவர்கள் விரும்பும் வேட்பாளர் ஜெயிக்க வாய்ப்பிருந்தது ஒன்றே ஒன்றில்தான். 2021-இல் வரைந்த அந்தத் தொகுதி வரைபடம் தவறு என்று 2022 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, 2022 தேர்தல் தவறான வரைபடத்தோடு நடந்தது, 2023 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம் ஆமாம் வரைபடம் தவறுதான் என்றது. ஒரு தேர்தல் போனது போனதுதான். இதெல்லாம் 2-ஆம் பிரிவின் கீழ் நடந்த வழக்கு, அதாவது சேதம் ஆன பிறகு போடும் வகை. அந்த 2-ஆம் பிரிவின் மீதும் லூசியானா வழக்கு ஒன்றில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி வாதம் நடந்தது.

அவர் பெயரில் உள்ள மசோதா

2013 தீர்ப்பு வாக்குரிமைச் சட்டத்தின் இதயத்தில் கத்தியைச் செருகிவிட்டது என்றார் லூயிஸ். ராபர்ட்ஸ் சொன்ன அந்தப் புதுக் கணக்கை எழுதுவதுதான் மசோதாவின் வேலை. 1964-ஐப் பிடித்துத் தொங்காமல், எப்போதும் கடந்த 25 ஆண்டுகளைப் பார்க்கும். அந்தக் காலத்தில் ஒரு மாநிலத்துக்குள் 15 வாக்குரிமை மீறல்கள் நிரூபணமாகியிருந்தால், அல்லது மாநில அரசே செய்தது ஒன்றாவது உட்பட 10 இருந்தால், பத்து ஆண்டுகளுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். ஒழுங்காக நடந்துகொண்டால் தானாகவே பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடலாம். வடக்கா தெற்கா என்ற பேச்சே இல்லை.

2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இது நிறைவேறியபோது சபையை நடத்தும் இருக்கையில் உட்கார்ந்து முடிவை அறிவித்தவர் லூயிஸ்தான். செனட் எடுத்துக்கொள்ளவே இல்லை. 2020 ஜூலை 17 அன்று அவர் இறந்தார். குதிரை வண்டியில் அவர் உடலை அதே பாலத்தின் மேல் கொண்டுபோனார்கள், இந்த முறை மாநிலக் காவலர்கள் சல்யூட் அடித்தார்கள். இரங்கல் உரையில் ஒபாமா நேரடியாகவே சொன்னார், ஜானுக்கு மரியாதை செய்ய வேண்டுமா, இந்தச் சட்டத்தை நிறைவேற்றுங்கள் என்று. மசோதாவுக்கு லூயிஸ் பெயர் வந்தது அப்போதுதான்.

2021 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு ஓட்டுகூட இல்லை. செனட்டில் பெரும்பான்மை போதாது, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வரவே 100-இல் 60 பேர் வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த நவம்பரில் கிடைத்தது 50, குடியரசுக் கட்சியில் ஆதரித்தவர் அலாஸ்காவின் லிசா மர்கவ்ஸ்கி ஒருவர் மட்டும். 2022 ஜனவரியில் அந்த 60 விதியையே இதற்காக மட்டும் மாற்றப் பார்த்தார்கள், ஜனநாயகக் கட்சியின் இரண்டு பேரே ஒப்புக்கொள்ளவில்லை. 2006-இல் 98-0 என்று இருந்த விஷயம் இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். செல்மாவில் வளர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் டெர்ரி சீவெல் 2025 மார்ச்சில் மறுபடி அறிமுகப்படுத்தினார்.

அந்தப் பாலத்துக்கு லூயிஸ் பெயரை வைக்க வேண்டும் என்றும் ஒரு கோரிக்கை எழுந்தது. 2015-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரும் சீவெலும் வேண்டாம் என்று எழுதினார்கள். யார் பெயர் தாங்கிய பாலத்தில் என்ன நடந்தது என்பது மறக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். பெயர் வைப்பதில் உள்ள சௌகரியம் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெயர்ப்பலகைக்கு யாரும் எதிர்த்து ஓட்டுப் போடுவதில்லை, எந்த அதிகாரியும் அதற்காகத் தன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாஷிங்டனுக்கு ஓட வேண்டியதில்லை.

மாநிலங்கள் சில தாங்களாகவே ஆரம்பித்திருக்கின்றன. நியூயார்க் 2022-இல் லூயிஸ் பெயரிலேயே ஒரு வாக்குரிமைச் சட்டம் போட்டது, அதில் மாநில அளவிலான முன் அனுமதி இருக்கிறது. 2023-இல் கனெக்டிகட்டும் அப்படியே செய்தது. சந்தோஷம்தான், ஆனால் இவை பெரும்பாலும் எங்கே தேவை குறைவோ அங்கே வருகின்றன. அலபாமாவிலோ மிசிசிப்பியிலோ ஜார்ஜியாவிலோ இப்படி ஒன்று கிடையாது. ஜார்ஜியா 2021-இல் கொண்டுவந்த சட்டத்தில், வாக்களிக்க வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதற்கே தடை போட்டது.

இந்த மாதிரி இடங்களில் முன்பு சட்டம் செய்த வேலையை இப்போது ஆட்கள்தான் செய்கிறார்கள். கவுண்டி தேர்தல் குழு எப்போது கூடுகிறது, அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டியிருக்கிறது, எந்தச் சாவடியை மூடப் பார்க்கிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜார்ஜியாவின் ராண்டால்ஃப் கவுண்டியில் 2018-இல் நடந்ததைச் சொல்கிறேன். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள கிராமப்புறக் கவுண்டி, ஒன்பது வாக்குச்சாவடிகள். அதில் ஏழு சாவடிகளை மூடப் போவதாகத் திட்டம் வந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதி இல்லை என்பது சொன்ன காரணம். 2013-க்கு முன்பாக இருந்தால் இந்தக் காகிதம் முதலில் வாஷிங்டனுக்குப் போயிருக்கும். இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை என்பதால் ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள், கூட்டங்களுக்குப் போய்க் கேள்வி கேட்டார்கள், வாக்குரிமை அமைப்புகள் கடிதம் எழுதின, நாடு முழுக்கச் செய்தி ஆனது. ஆகஸ்ட் 24 அன்று தேர்தல் குழு கூடித் திட்டத்தைக் கைவிட்டது, கூட்டம் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. இப்படி யாரும் கவனிக்காத கூட்டங்கள் இன்னும் எத்தனையோ கவுண்டிகளில் நடந்துகொண்டிருக்கின்றன.